மொட்டை மாடியிலிருந்து ரோசெட் நெபுலா: சிவப்பு சுலபம், ஆக்சிஜன்தான் பாடு

திருவாதிரைக்கும் புரோசியான் நட்சத்திரத்துக்கும் நடுவில், திருவாதிரைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கிறது ரோசெட் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம். முழு நிலவைப் போல இரண்டரை மடங்கு அகலம். அவ்வளவு பெரியது இருந்தும், சென்னையில் மாடியில் நின்று அந்த இடத்தைப் பார்த்தால் சாம்பல் பூத்த வானம் மட்டும்தான் தெரியும். அது இருக்கும் மோனோசெரஸ் மண்டலத்தில் நகரத்துக் கண்ணுக்குப் பிடிபடுகிற மாதிரி ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

படம் எடுக்க இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, உயரமும்தான். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது, ரோசெட் வானத்து நடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கில். ஆகவே அது தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது 82 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஜனவரி கடைசியில் இரவு 10 மணி சுமாருக்கு அந்த நேரம். நகரத்து வானத்தில் உச்சிதான் இருப்பதிலேயே இருட்டு. அடிவானத்துப் பக்கம் போகப் போக வெளிச்சமும் புழுதியும் கூடிக்கொண்டே போகும். கரீனா நெபுலா இதைவிடப் பல மடங்கு பிரகாசம். ஆனால் சென்னையில் அது 17 டிகிரிக்கு மேல் எழும்பாது. தெற்கே கடலோ வயலோ பார்த்த வீடாக இருந்தால் தவிர, அதை நம்பி இறங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நமக்கு நம்பகமான வானம், அந்த மாதங்களில் ரோசெட் நல்ல உயரத்தில் இருக்கிறது.

உபகரணம்: 60 மி.மீ. ஈ.டி. (நிறங்கள் பிரிவதைக் குறைக்கும் கண்ணாடி) இரட்டை லென்ஸ் ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் தொலைநோக்கி. குவியத் தூரம் 360 மி.மீ., விட்டத்தைப் போல 6 மடங்கு, அதாவது எஃப்/6. கேமரா ஏ.எஸ்.ஐ.533 எம்.சி. ப்ரோ, குளிரூட்டி வைத்த கலர் கேமரா, 3.76 மைக்ரான் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 2.15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600 ஆர்க் செகண்ட்) வருகிறது, முழு ஃபிரேம் 1.8 டிகிரி. ரோசெட் ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு உட்காரும். ஃபில்டர் 7 நானோமீட்டர் இரட்டைப் பட்டை: எச்-ஆல்பாவுக்கு, அதாவது ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கு ஒரு ஜன்னல், ஓ-3-க்கு, அதாவது ஆக்சிஜனின் நீலப்பச்சை ஒளிக்கு ஒரு ஜன்னல், மற்றதெல்லாம் அடைப்பு.

அந்த ஜன்னல்கள் ஏன் அவ்வளவு ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்குத் தெருவிளக்கின் கதை தெரிய வேண்டும். சோடியம் விளக்கு இருந்த காலத்தில் ஊர் வெளிச்சத்தின் பெரும்பகுதி மஞ்சளில், 589 நானோமீட்டரைச் சுற்றித்தான் இருந்தது. அந்த மஞ்சளை மட்டும் வெட்டுகிற அகலமான 'லைட் பொல்யூஷன் ஃபில்டர்' அன்று நன்றாகவே வேலை செய்தது. வெள்ளை எல்.இ.டி. வந்ததும் அந்த வித்தை பலிக்கவில்லை. எல்.இ.டி.யின் ஒளி 450 வாக்கில் ஒரு நீலக் கூர்முனை, அப்புறம் 500-இலிருந்து 650 வரை தொடர்ச்சியாக ஒரு மேடு. வெட்டுவதற்கு என்று தனியாக ஒரு மஞ்சள் கோடு அதில் கிடையாது. எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிற வெளிச்சத்தை அகலமான ஃபில்டரால் பிரிக்க முடியாது. பழைய மஞ்சள் வெட்டி ஃபில்டர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நெபுலா அப்படியில்லை. அது விடுவது சில கோடுகள் மட்டும். ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில், இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் 500.7-லும் 495.9-லும், கந்தகம் 671.6, 673.1-ல். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ மண்டலத்திலுள்ள ஒரு நெபுலாவை நிறமாலைக் கருவி வழியே பார்த்தபோது வானவில் மாதிரி பட்டை தெரியவில்லை, தனிக் கோடுகள்தான் தெரிந்தன. அவற்றில் ஒரு பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். அது நம் மூச்சுக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன்தான் என்று ஐரா போவன் கண்டுபிடித்தது 1927-இல். அந்தக் கோட்டுக்குத்தான் நாம் இன்று ஓ-3 ஃபில்டர் வாங்குகிறோம்.

கணக்கு போட்டுப் பார்த்தால் லாபம் புரியும். கலர் கேமராவின் சிவப்பு பிக்சல் சாதாரணமாக 600 முதல் 700 நானோமீட்டர் வரை, ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை வாங்கும். 7 நானோமீட்டர் ஜன்னல் போட்டால் ஊர் வெளிச்சத்தில் 14-இல் ஒரு பங்குதான் உள்ளே வரும். எச்-ஆல்பாவோ பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். பின்னணி 14-இல் ஒன்றானால், ஃபில்டர் இல்லாமல் 14 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் தெளிவு, ஃபில்டரோடு ஒரு மணி நேரத்தில் கிடைத்த மாதிரி. ஃபில்டர் நெபுலாவைப் பிரகாசமாக்குவதில்லை, ஊரை மங்கலாக்குகிறது. அவ்வளவுதான்.

ஜன்னல் ஒடுங்க ஒடுங்க லென்ஸின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். எஃப் எண் சிறிதானால் வேகம் கூடுதல். இந்த ஃபில்டர்கள் பல அடுக்குப் பூச்சால் ஆனவை. ஒளி சாய்வாகப் பட்டால் ஜன்னல் நீலப் பக்கம் நகரும். எஃப்/6-இல் லென்ஸ் குவிக்கும் ஒளிக் கூம்பின் ஓரத்து ஒளிக்கு அரை நானோமீட்டர் சொச்சம்தான் நகர்வு, கவலையில்லை. அதே ஃபில்டரை எஃப்/2 கேமரா லென்ஸில் போட்டால் ஓரத்து ஒளிக்கு 5 நானோமீட்டர் வரை நகர்ந்துவிடும். ஜன்னலின் பாதி அகலமே மூன்றரைதான் என்பதால் அந்த ஒளி கண்ணாடியிலேயே முட்டி நின்றுவிடும். 135 மி.மீ. எஃப்/2 லென்ஸ் வைத்திருப்பவர்கள் எஃப்/4-க்கு மூடி எடுப்பது நல்லது. இல்லையென்றால் வேக லென்ஸுக்கென்றே ஜன்னலைத் தள்ளிவைத்துச் செய்த ஃபில்டர்கள் இருக்கின்றன.

ஃபில்டரின் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2 மி.மீ. கண்ணாடி நடுவில் வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 0.7 மி.மீ. அளவுக்கு, ஃபோகஸ் பின்னே தள்ளும். ஃபிளாட்னரிலிருந்து (ஃபிரேமின் ஓரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸ்) சென்சாருக்கு 55 மி.மீ. என்று போட்டிருந்தால் 55.7 வைக்க வேண்டும். மெல்லிய ஸ்பேசர் வளையம் ஒன்று போட்டதும் ஃபிரேமின் மூலை நட்சத்திரங்கள் நீள்வதை விட்டு உருண்டன.

அப்புறம் மவுண்ட், தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் தாங்கி. ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. நமக்குத் துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்தில், என் விஷயத்தில் பக்கத்து அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குப் பின்னால். வானத் துருவத்தைப் பார்க்க வேண்டிய மவுண்டின் அச்சும் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். எதிர் எடையைத் தாங்கும் தண்டு நேரே கீழே தொங்கும்போது முக்காலியின் வடக்குக் கால் அதற்கு இடிக்கிறது. முக்காலியின் தலையிலிருக்கும் முளையைக் கழற்றி எதிர்ப்பக்கத் துளையில் மாட்டி, ஒரு கால் தெற்கே, இரண்டு கால் வடக்கே பிரிகிற மாதிரி நிறுத்தியதும் எடை இரண்டு கால்களுக்கு நடுவே தாராளமாகச் சுற்றுகிறது. துருவச் சீரமைப்புக்கு நீனா மென்பொருளின் மூன்று புள்ளி முறை போதும். வானத்தில் எங்காவது தொடங்கி மூன்று புள்ளிகளில் படம் எடுத்து, அச்சு எங்கே பார்க்கிறது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும், துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதே இல்லை. உயரத் திருகைத் திருகும்போது மட்டும் கடைசி அசைவு எப்போதும் மேல்நோக்கி இருக்கட்டும். கீழே இறக்கி நிறுத்தினால் எடை தாளாமல் சற்று நேரத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மாடித் தளம் திடமானதென்று நினைப்போம். மவுண்டின் ஓட்டத்தை ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் கைடிங்கின் வரைபடத்தைப் பார்த்தால் யார் படி ஏறி வருகிறார்கள் என்று அவர்கள் தலை தெரிவதற்கு முன்பே சொல்லிவிடலாம். முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே உத்தரமோ சுவரோ ஓடுகிற இடத்துக்கு மேல் வைத்தால் ஆட்டம் குறைகிறது. தண்ணீர் மோட்டார் ஓடுகிற நேரத்தைத் தவிர்ப்பது வீட்டில் யார் கையில் சுவிட்ச் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எதிர் வீட்டு மாடியில் ஒரு எல்.இ.டி. ஃபிளட் லைட் விடிய விடிய எரிகிறது. ஃபில்டர் போட்டாயிற்றே என்று இதை விட்டுவிட முடியாது. பக்கவாட்டிலிருந்து லென்ஸில் பட்டு உள்ளே சிதறும் வெளிச்சத்தில் ஜன்னலுக்குள் நுழையக்கூடிய பங்கும் இருக்கிறது, படத்தின் ஒரு மூலையில் தேய்த்த மாதிரி வெளுப்பு விழும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி, தொலைநோக்கியின் முகப்பில் இன்னொரு 15 செ.மீ. நீளத்துக்குக் குழாய் மாட்டினேன். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மூலை வெளுப்பு போய்விட்டது.

அதே குழாய் பனிக்கும் உதவுகிறது, ஓரளவுக்கு. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். மச்சில் நின்று படம் எடுப்பவனுக்கு அது பழமொழி அல்ல, வானிலை அறிக்கை. நள்ளிரவு தாண்டினால் லென்ஸில் பனி படியும். நெபுலா மங்கும், நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் விரியும், ஏதோ மெல்லிய மேகம் என்று தோன்றும். முகப்பு லென்ஸைச் சுற்றி 12 வோல்ட் ஹீட்டர் பட்டை கட்டி, மாலையிலிருந்தே குறைந்த சூட்டில் ஓட விட வேண்டும். படிந்த பிறகு துரத்துவதைவிடப் படியாமல் பார்ப்பது எளிது. வேலை முடிந்ததும் எல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவுக்குள் போகிறது. இந்த ஊர் ஈரத்தில் ஃபில்டரின் பூச்சில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

ஃபோகஸில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும். நல்ல செய்தி, சென்னையில் இரவு வெப்பநிலை அதிகம் இறங்காது, ஆகவே குழாய் சுருங்கி ஃபோகஸ் நகர்வது குறைவு. கெட்ட செய்தி, இரட்டை லென்ஸ் ரிஃப்ராக்டரில் சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில் குவிவதில்லை. எச்-ஆல்பாவுக்குக் கூர்மையாக வைத்தால் ஓ-3 நட்சத்திரங்கள் ஊதுகின்றன. ஃபோகஸ் சரிபார்க்க முகப்பில் மாட்டும் பாஹ்டினோவ் முகமூடியில் பார்த்தால் கோடுகள் இரண்டு நிறமாகப் பிரிந்து நிற்பதே தெரியும். நான் ஓ-3 பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைக்கிறேன். எச்-ஆல்பாவில் வலு நிறைய இருக்கிறது, கொஞ்சம் மழுங்கினாலும் பின்னால் சரிசெய்யலாம். ஓ-3-இல் இழப்பதற்கு எதுவும் இல்லை. மூன்று லென்ஸ் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எக்ஸ்போஷர் எவ்வளவு நேரம்? நாரோபேண்ட், அதாவது இப்படி ஒடுக்கமான ஃபில்டரில் எடுப்பது என்றாலே ஒரு படத்துக்கு 10 நிமிடம் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. வானப் பின்னணியில் சேரும் எலக்ட்ரான்கள், கேமராவின் ரீட் நாய்ஸின் (படத்தைப் படிக்கும்போது கேமராவே சேர்க்கும் இரைச்சல்) வர்க்கத்தைப் போல 10 மடங்கைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் நீட்டுவதில் பெரிய லாபம் இல்லை. இந்தக் கேமராவுக்கு கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 100-இல் ரீட் நாய்ஸ் ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான், வர்க்கத்தின் 10 மடங்கு சுமார் 22. அளப்பதும் எளிது: ஒரு படத்தின் பின்னணி அளவிலிருந்து டார்க் படத்தின் (முகப்பை மூடி எடுத்தது) அளவைக் கழித்து 4-ஆல் வகுங்கள். 14 பிட் தகவலை 16 பிட்டாக எழுதுவதால் அந்த 4. கெயின் 100-இல் மீதி எண் ஏறத்தாழ எலக்ட்ரான் கணக்கேதான். 3 நிமிடப் படத்தில் என் வானம் 22-ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டால் 10 விநாடிக்குள்ளேயே தாண்டிவிடும். ஆகவே 3 நிமிடம். விமானம் குறுக்கே போனாலோ, காற்று அடித்தாலோ போவது 3 நிமிடம் மட்டும்தான். விமானக் கோடுகளையும் செயற்கைக்கோள் கோடுகளையும் ஸ்டாக் செய்யும்போது, அதாவது எல்லாப் படங்களையும் அடுக்கி ஒன்றாக்கும்போது, சிரில் மென்பொருள் தானே ஒதுக்கிவிடும். சென்சாரை ஆண்டு முழுக்க மைனஸ் 5 டிகிரியில் வைக்கிறேன். ஜனவரியில் இன்னும் குளிர்விக்கலாம். ஆனால் கேமரா வெளிக்காற்றைவிட 35 டிகிரிதான் இறக்கும், ஏப்ரலில் மைனஸ் 5-ஐ எட்டவே மூச்சு வாங்கும். ஒரே வெப்பநிலை என்றால் டார்க் படங்களை ஒரு முறை எடுத்து வைத்தால் போதும்.

இனி ஆக்சிஜன். எச்-ஆல்பா முதல் 3 நிமிடப் படத்திலேயே தெரிகிறது. நடுவில் ஓட்டை விழுந்த வளையம், திரையில் ஸ்ட்ரெட்ச் செய்தவுடன், அதாவது மங்கலான பகுதிகளைத் தூக்கிக் காட்டியவுடன், வந்து நிற்கும். நகரத்து வானம் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோகும். ஓ-3 அப்படி வராது. ரோசெட்டில் அது வளையத்தின் உட்பக்கம், நடுவிலுள்ள என்.ஜி.சி. 2244 நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றித்தான் இருக்கிறது, அதுவும் ஹைட்ரஜனைவிட மங்கலாக. காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழாக இருப்பதால், 501 நானோமீட்டர் ஒளி 656-ஐப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறும். நிலா வெளிச்சத்துக்கு இது அப்படியே பொருந்தும். வீட்டு மாடிகளிலும் கடை வாசல்களிலும் எரியும் நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.க்களும் சிவப்பைவிடப் பச்சைப் பக்கம் தாராளமாகக் கொட்டுகின்றன. கலர் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலப் பிக்சல்கள் அடுக்கியிருக்கும் பேயர் அமைப்பில் நாலில் ஒரு பிக்சல்தான் எச்-ஆல்பாவைப் பார்க்கிறது, ஓ-3-ஐ மற்ற மூன்றும் பார்க்கின்றன. அந்தச் சலுகை இருந்தும் ஓ-3 தோற்கிறது.

அதனால் இரவுகளை இப்படிப் பிரித்தேன். நிலா பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும் இரவுகளிலும் படம் எடுப்பேன், ஆனால் அந்தப் படங்களிலிருந்து சிவப்பு மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். பச்சையும் நீலமும் குப்பைக்கு. நிலா இல்லாத, காற்று தெளிந்த இரவுகளில் இரண்டும் கணக்கில் சேரும். அந்த இரவுகளிலும் ரோசெட் 50 டிகிரிக்கு மேல் இருக்கும்போது எடுத்தவைதான் ஓ-3 ஸ்டாக்கில் போகும். கடைசியில் எச்-ஆல்பா 10 மணி நேரத்தைத் தாண்டியது, ஓ-3 அதில் பாதிதான் தேறியது. இரட்டைப் பட்டை ஃபில்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் தருகிறது என்பது விளம்பரத்தில் சரி. நகரத்தில் இரண்டும் ஒரே தரத்தில் வருவதில்லை.

சிரிலில் எச்-ஆல்பாவையும் ஓ-3-ஐயும் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கும் ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது. பிரித்த ஓ-3 படத்தைப் பார்த்தபோது, ஹைட்ரஜன் மட்டும் இருக்க வேண்டிய வெளி வளையமும் மங்கலாக அதில் தெரிந்தது. பச்சை பிக்சலின் வண்ண வடிகட்டி 656-ஐ முழுசாகத் தடுப்பதில்லை, ஒரு சிறு பங்கு கசிகிறது. மூலப் படத்தில் பச்சையையும் நீலத்தையும் தனியே ஸ்டாக் செய்து ஒப்பிட்டால் கசிவு பச்சையில்தான் அதிகம் என்பது தெளிவாகத் தெரியும். படங்களைக் கூட்டிக் கழிக்கும் பிக்சல் மேத் கருவியில் ஓ-3-இலிருந்து எச்-ஆல்பாவின் சிறு பங்கைக் கழித்து, வளையத்தின் வெளி முடிச்சுகள் மறையும் வரை அந்தப் பங்கைக் கூட்டிக்கொண்டே போனேன். அவை கறுப்புக் குழியாக மாறத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கழித்தலுக்குப் பிறகுதான் நடுவில் நீலப்பச்சை தனியாகப் பிரிந்து நின்றது. அதற்கு முன் எல்லாம் இளஞ்சிவப்புக் கூழ்.

ஊர் வெளிச்சத்தால் படத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டிருக்கும் பின்னணிச் சரிவை நீக்கும்போது ஆசைப்படக் கூடாது. நெபுலா ஃபிரேமின் பெரும்பகுதியை அடைத்திருக்கிறது, தானியங்கிக் கருவி மங்கலான வெளி ஓரத்தை ஊர் வெளிச்சம் என்று எண்ணித் தின்றுவிடும். மூலைகளில் மட்டும் கையால் புள்ளி வைத்து, முதல் படி பல்லுறுப்புக் கோவையோடு நிறுத்திக்கொண்டேன். ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்து, ஓர மங்கலைத் திருத்தப் பயன்படும் படம்) சரியாக இருந்தால் அதற்கு மேல் தேவைப்படாது. ஃபிளாட்டுக்கு எல்.இ.டி. டிரேசிங் பேட் மேல் வெள்ளைத் துணி. ஃபில்டர் வழியே என்பதால் சாதாரண ஃபிளாட்டைவிட நீண்ட நேரம் வேண்டும்.

நிறம் சேர்த்தது: சிவப்புக்கு எச்-ஆல்பா, நீலத்துக்கு ஓ-3, பச்சைக்கு ஓ-3 எண்பது சதவீதமும் எச்-ஆல்பா இருபது சதவீதமும். ஓ-3-ஐ எச்-ஆல்பாவைவிடக் கூடுதலாக ஸ்ட்ரெட்ச் செய்துதான் கலந்தேன். அதனால் இந்தப் படத்தின் நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதம் நிஜமானது அல்ல. நட்சத்திரங்களை ஸ்டார்நெட் என்ற மென்பொருளால் நீக்கிவிட்டு, ஃபில்டர் இல்லாமல் 10 விநாடிப் படங்களாக அரை மணி நேரம் எடுத்த நட்சத்திரங்களை அந்த இடத்தில் வைத்தேன். இரண்டு ஜன்னல் வழியே பார்த்த நட்சத்திரத்துக்கு நிறமே இருக்காது. நகரத்திலிருந்து எடுத்தாலும் நட்சத்திரங்கள் பிரகாசமானவை என்பதால் அரை மணி நேரம் போதும்.

கேட்கிறவர்களுக்கு: ஆண்ட்ரமீடா கேலக்ஸிக்கு இந்த ஃபில்டர் உதவாது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத் தூசிக்கும் உதவாது. அவை விடுவது தொடர் ஒளி, ஊர் வெளிச்சத்தோடு சேர்த்து அவற்றையும் ஃபில்டர் வெட்டிவிடும். அவற்றுக்கு வண்டி கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போவதுதான் வழி. அங்குள்ள காவலூரில் வானாய்வகம் அமைத்தவர்கள் அந்த இருட்டைப் பார்த்துத்தான் அங்கே போனார்கள்.

இன்னும் தீராமல் இருப்பது ஒன்று. என்.ஜி.சி. 2244-இன் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஓ-3-இல் மட்டும் ஒரு மங்கல் வட்டம். ஃபில்டருக்கும் சென்சார் முகப்புக் கண்ணாடிக்கும் நடுவே ஒளி எதிரொளித்து வருவது அது. ஃபில்டரைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன், வட்டம் சற்றுச் சிறுத்தது, போகவில்லை. அடுத்து, நிலா இல்லாத இரவுகளை முழுக்க என்.ஜி.சி. 2359 என்ற இன்னொரு நெபுலாவுக்குக் கொடுக்கப்போகிறேன். அது ரோசெட்டுக்கு முக்கால் மணி நேரம் பின்னால் வருகிறது, 64 டிகிரி உயரம் ஏறும், ரோசெட்டுக்கு நேர்மாறாக அதில் ஓ-3 வலுவானது. இந்த வானத்தில் ஆக்சிஜனை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.